பெற்றோரின் வீடும் பிள்ளைகளின் கடனும்

புளியங்குடி போன்ற ஊர்களில் இக்காலத்தில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றைக் குறித்து இன்று எழுதக் கருதுகிறோம். தந்தை காலஞ்சென்றுவிட்டார். தாயார் பக்கவாதத்தாலோ, மறதி நோயாலோ படுக்கையில் விழுந்துவிட்டார். மூத்த மகன் சென்னையில் இருக்கிறான். இளையவன் வளைகுடா நாட்டில். மகள் திருப்பூரிலோ கேரளத்திலோ குடித்தனம் நடத்துகிறாள். ஊரில் எஞ்சி நிற்பது எலுமிச்சை வியாபாரத்திலும் வயல் வேலையிலும் மிச்சம் பிடித்துக் கட்டிய வீடு ஒன்றே. தாயாரை இரவும் பகலும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்; ஆளுக்குப் பணம் வேண்டும்; பணமோ வீட்டின் சுவர்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அவ்வீட்டை விற்றுத் தாயாரைப் பராமரிப்பது தர்மமா, குடும்பத்துக்கு இழுக்கா என்பதே கேள்வி.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெற்றோர் தேடிய சொத்தின் மீது முதற் பாத்தியம் அவர்களுடைய முதுமைக்கே உண்டு. தாய் புண்பட்டுக் கிடக்க, அவள் வீட்டைப் பத்திரமாய்க் காத்து வைப்பது குல கௌரவம் ஆகாது. ஆனால் விற்பது என்பது கடைசி மருந்து. அதற்கு முன் செய்ய வேண்டியவை பல உண்டு. அவற்றிற் பெரும்பகுதி சர்க்கார் செய்யத் தவறியவை. ஆகவே பிள்ளைகளை மட்டும் கடிந்து பேசிவிட்டு இவ்விஷயத்தை முடித்துவிட முடியாது.

முதலில் வீடு யாருடையது என்று பார்ப்போம். உயிரோடிருக்கும் ஒருவருக்கு வாரிசு என்று சட்டத்தில் எவரும் இல்லை. நாளை எனக்கு வரும் என்ற வெறும் நம்பிக்கை சொத்து ஆகாது. அதை மாற்றிக் கொடுக்கவும் முடியாது என்று 1882-ம் வருஷத்திய சொத்து மாற்றச் சட்டத்தின் 6-வது பிரிவு கூறுகிறது. தாயார் பெயரில் உள்ள சுயார்ஜித வீட்டை அவர் தம் விருப்பப்படி விற்கலாம். மகன் கையெழுத்து வேண்டியதில்லை. "என் பங்கு போகிறதே" என்று முறையிட அவனுக்கு வழக்கும் இல்லை.

ஆனால் பெரும்பாலான வீடுகள் தகப்பனார் பெயரிலேயே இருக்கின்றன. அவர் உயில் எழுதாமல் இறந்தால் நிலைமை வேறு. 1956-ம் வருஷத்திய ஹிந்து வாரிசுச் சட்டப்படி அவருடைய சுயார்ஜிதம் மனைவிக்கும், ஆண் பெண் என்ற பேதமின்றி மக்களுக்கும் சமபாகமாகப் போகிறது. இறந்தவரின் தாய் உயிரோடிருந்தால் அவருக்கும் ஒரு பாகம் உண்டு. 1925-ம் வருஷத்திய இந்திய வாரிசுச் சட்டம் கிறிஸ்தவ விதவைக்கு, மக்கள் இருக்கும்போது, மூன்றில் ஒரு பங்கு அளிக்கிறது. முஸ்லிம் குடும்பத்தில் மக்களிருக்கும் விதவைக்கு எட்டில் ஒரு பங்கே கிடைக்கும். எந்த மதத்தினராயினும், கணவனோடு சேர்ந்து கட்டிய வீட்டில் அவ்வம்மையார் சிறு பங்காளியாகிவிடுகிறார். தம் மருந்துக்கு அவ்வீட்டை விற்கவேண்டுமானால் நான்கு ஊர்களிலுள்ள நான்கு மக்களும் வந்து கையெழுத்திட வேண்டும். ஒருவன் வாராதிருந்தாலும் வீடு நிற்கும், சிகிச்சையும் நிற்கும். தம் மனைவிக்கு இக்கதி நேரக் கூடாதென்று நினைக்கும் கணவன், உடல் நலத்தோடு இருக்கும்போதே வீட்டை அவர் பெயருக்கு எழுதி வைப்பதோ, தத்தம் சட்டம் இடந்தரும் அளவுக்கு உயில் எழுதுவதோ அவசியம். இதை நமது நேயர்களில் வயது வந்தோர் இன்றே யோசிக்க வேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு வீடு ரூ.30 லட்சத்துக்கு விலை போகிறதென்று வைத்துக்கொள்வோம். ஆள் சம்பளம், மருந்து, உணவு, டயபர் முதலிய யாவும் சேர்ந்து மாதம் ரூ.25,000 ஆகிறதென்றும் கொள்வோம், வருஷத்துக்கு ரூ.3 லட்சம். விற்ற பணத்தை நூற்றுக்கு 7 வட்டியில் பாங்கியில் போட்டால் மாதம் ரூ.17,500 வரும். மாதந்தோறும் ரூ.7,500 முதலிலிருந்து கரையும். செலவு வருஷாவருஷம் உயருமாதலால், வட்டி வீதமும் செலவு உயரும் வீதமும் ஏறக்குறைய ஒத்திருக்குமானால், அப்பணம் சுமார் 10 வருஷம் தாங்கும். அதற்குமேல் ஆயுள் இருந்தால் வீடும் இராது, பணமும் இராது. அவசரத்தில் அடிமாட்டு விலைக்கு விற்றால் பத்து வருஷம் ஆறு வருஷமாகச் சுருங்கும். ஆகவே விற்பதாயின், பணத்தைப் பெற்றோர் பெயரிலேயே வைப்பாகப் போட்டு, வட்டியை மட்டும் மாதந்தோறும் எடுத்து, முதலைத் தொடுவதற்கு மக்கள் எல்லோரின் சம்மதமும் வேண்டுமென்று எழுதிக்கொள்வது விவேகமாகும். விற்ற பணம் தன் வியாபாரத்துக்குக் கைமாற்றாகப் போகட்டும் என்று ஒரு மகன் கேட்பானாயின், விற்பதற்கு முன்பே அவனை விலக்கி வைப்பது நல்லது.

சர்க்காரின் வரி விதியையும் இங்கே கவனிக்க வேண்டும். ஒருவர் வீட்டை விற்று வேறு வீடு வாங்கினால் கிடைத்த லாபத்துக்கு வருமான வரியில் விலக்கு உண்டு. அதே பணத்தைப் படுத்த படுக்கையான தாயாரின் பராமரிப்புக்குச் செலவிட்டால் அவ்விலக்கு இல்லை. சுவருக்குக் காட்டும் சலுகையைச் சதைக்குக் காட்டாத இந்த விதி திருத்தப்பட வேண்டும்.

மூளை தெளிவாயிருக்கும்வரை கையெழுத்துக்குக் கஷ்டமில்லை. மறதி நோய் வந்தபின் என் செய்வது? 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியரில் 100-க்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டிருக்கிறது. பவர் பத்திரம் முன்னரே வாங்கி வைத்திருக்கிறோம் என்று பலர் தைரியமாயிருக்கின்றனர். அது வீண் தைரியம். பவர் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் அவ்வதிகாரம் முடிந்துவிடும் என்று 1872-ம் வருஷத்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவு சொல்கிறது. எப்போது அதிகம் தேவையோ அப்போதே பவர் செத்துப் போகிறது. 2017-ம் வருஷத்திய மனநலப் பாதுகாப்புச் சட்டமும் சொத்தை நிர்வகிக்கும் காப்பாளரை நியமிக்க வழி வகுக்கவில்லை.

இந்த இடைவெளியின் விளைவை 2024-ம் வருஷம் மே மாதத்தில் சென்னை ஹைகோர்ட்டில் பார்த்தோம். நினைவிழந்து கிடந்த கணவரின் சொத்தை விற்று அவர் சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் செலவிட அனுமதி கேட்டு ஓர் அம்மையார் மனுச் செய்தார். சட்டத்தில் இடமில்லை, சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று முதலில் பதில் கிடைத்தது. அப்பீலில் இரு நீதிபதிகள் அவரையே காப்பாளராக நியமித்து, விற்க அனுமதி அளித்து, ரூ.50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்பாகப் போட்டு வட்டியை எடுத்துக்கொள்ளுமாறு உத்தரவிட்டனர். நியாயமான தீர்ப்பு. ஆயினும் புளியங்குடியிலிருந்து ஒரு குடும்பம் ஒவ்வொரு முறையும் ஹைகோர்ட்டுப் படி ஏற முடியுமா? மாவட்டக் கோர்ட்டிலேயே, வைத்தியரின் சான்றும் சொத்தின் கணக்கும் பெற்றுக்கொண்டு, குறுகிய காலத்தில் காப்பாளரை நியமிக்கும் சட்டம் ஒன்று தேசத்துக்கு வேண்டும்.

வீடு விற்பதைப்பற்றி இத்தனை பேசுகையில், அதற்கு நேர் எதிரான தீங்கு நம்மிடையே மிகுதி என்பதை மறக்கலாகாது. வீட்டைப் பிள்ளை பெயருக்குத் தான செட்டில்மெண்டு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னர் திண்ணையில் சோற்றுக்குக் காத்திருக்கும் பெற்றோர் எத்தனை பேர்! குடும்பத்துக்குள் செட்டில்மெண்டு எழுதுவது சுலபம். கிரயப் பத்திரத்தோடு ஒப்பிட்டால் முத்திரைச் செலவும் மிகக் குறைவு. பத்திரம் எழுதுபவர், "பாசத்தினாலும் பிரியத்தினாலும்" என்று இரண்டு சொல் போட்டு முடித்துவிடுகிறார்.

இதற்கெனவே 2007-ம் வருஷத்தில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் இயற்றப்பட்டது. பராமரிப்பேன் என்ற நிபந்தனையின் பேரில் சொத்தைப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால், அப்பத்திரத்தை ரத்துச் செய்யும்படி தீர்ப்பாயத்தைக் கோரலாம் என்று அதன் 23-வது பிரிவு கூறுகிறது. அந்நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டுமா என்பதில் கோர்ட்டுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே கோர்ட்டின் மற்றோர் அமர்வு, முதியோருக்கு நன்மை தரும் முறையில் சட்டத்தைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. 2025 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட்டு, பாசமும் பிரியமுமே அந்நிபந்தனையை உள்ளடக்கியவை என்று தீர்ப்பளித்தது. கோர்ட்டுகள் இரக்கம் காட்டுகின்றன என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இரக்கத்தை நம்பிப் பத்திரம் எழுதலாகாது. கூடியவரை உயிரோடிருக்கையில் வீட்டைக் கொடுக்க வேண்டாம், உயில் எழுதுங்கள், உயிலை எப்போதும் மாற்றலாம். கொடுத்தே தீரவேண்டுமாயின், ஆயுள்வரை வசிக்கும் உரிமையையும், உணவு, உடை, வைத்தியம் ஆகியவற்றை அளிக்கும் நிபந்தனையையும் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுங்கள்.

விற்காமலே வீட்டிலிருந்து பணம் எடுக்கும் வழி ஒன்றும் 2007-ல் வகுக்கப்பட்டது. எதிர்மாற்று அடமானம் என்பது அதன் பெயர். 60 வயது கடந்தவர் தாம் குடியிருக்கும் சுயார்ஜித வீட்டைப் பாங்கிக்கு ஈடு காட்டினால், பாங்கி மாதந்தோறும் பணம் கொடுக்கும். உயிரோடு அவ்வீட்டில் இருக்கும்வரை திருப்பிக் கட்ட வேண்டியதில்லை; கணவன் மனைவி இருவர் காலத்துக்கும் பின், வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம், அல்லது பாங்கி விற்று மீதியை அவர்களிடம் கொடுக்கும். ஏட்டில் அழகான திட்டம். நாட்டில் அது பரவவில்லை. பட்டாவும் மூலப் பத்திரமும் பழுதின்றி இருக்கும் வீடு சிற்றூரில் அரிது. மேலும், ஒரு வருஷம் தொடர்ந்து அவ்வீட்டில் வசிக்காவிட்டால் கடன் உடனே திரும்பக் கட்ட வேண்டியதாகிவிடுகிறது. முதியோர் இல்லத்திலோ, வெளியூரில் மகள் வீட்டிலோ பராமரிக்கப்பட வேண்டியவருக்கு, பணம் மிகவும் தேவைப்படும் தருணத்திலேயே இத்திட்டம் கையை விரித்துவிடுகிறது. இந்த விதியைத் தளர்த்தி, வீட்டை வாடகைக்கு விட்டு வாடகையைப் பராமரிப்புக்குச் செலவிட அனுமதித்தால், எத்தனையோ வீடுகள் விற்பனையினின்று தப்பும்.

இனி எல்லாவற்றினும் கடினமான விஷயத்துக்கு வருகிறோம். பல குடும்பங்களில் மணமாகாத மகளோ, கணவனை இழந்த மகளோ, மருமகளோ தம் வேலையையும் வயதையும் செலவிட்டுத் தாயாரோடு அவ்வீட்டிலேயே இருந்து பணிவிடை செய்கிறார். வெளியூர்ச் சகோதரர்கள் வந்து, "வீட்டை விற்று அம்மாவை இல்லத்தில் சேர்த்துவிடுவோம்" என்கின்றனர். அதனால் அப்பெண் ஒரே நாளில் வேலையும் வீடும் இழக்கிறார். விற்காமல் விட்டாலோ, தாயாரின் காலத்துக்குப் பின் பங்கு பிரிக்கையில், பத்து வருஷம் மலமூத்திரம் எடுத்தவருக்கும் பண்டிகைக்கு வந்து போனவருக்கும் ஒரே அளவுதான். மருமகளுக்கோ அதுவும் இல்லை. இங்கே நாம் நடுநிலை வகிக்க விரும்பவில்லை. கூடவிருந்து பராமரிப்பவரின் உழைப்பு பணத்துக்குச் சமமான பங்களிப்பு. அவர் தங்க இடமின்றிப் போகுமாறு எந்த விற்பனையும் நடக்கலாகாது. பெற்றோர் அறிவு தெளிந்திருக்கும்போதே உயிலில் அவருக்கு வாச உரிமையோ அதிகப் பங்கோ எழுதி வைப்பது நன்றிக்கடன். 60 வயது கடந்த உறவினர் ஒருவர் வீட்டில் வசித்தால், அவ்வீட்டின் மதிப்பைப் பராமரிப்புச் செலவுக்குக் கணக்கிடக் கூடாதென்று இங்கிலாந்திலேயே விதி இருக்கிறது.

இங்கிலாந்தைப்பற்றிச் சொன்னோம். முதியோரின் வீடு அங்கே பெரிய அரசியல் பிரச்னையாக நிற்கிறது. 23,250 பவுனுக்கு மேல் ஆஸ்தி உள்ளவர் தம் செலவைத் தாமே ஏற்க வேண்டும். தனியே இருந்தவர் நிரந்தரமாக இல்லத்தில் சேர்ந்தால் அவர் வீடும் ஆஸ்தியாகக் கருதப்படும். 2015 முதல், உயிரோடிருக்கையில் விற்காமல், செலவைக் கடனாக எழுதி வைத்துப் பின்னர் வீட்டிலிருந்து வசூலிக்கும் ஏற்பாடு விரிவுபடுத்தப்பட்டது. ஒருவர் வாழ்நாளில் 86,000 பவுனுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்ற உச்சவரம்பு 2021-ல் அறிவிக்கப்பட்டு, ஒத்திப்போடப்பட்டு, 2024-ல் கைவிடப்பட்டது. ஜெர்மனியோ 1995-லும், ஜப்பானோ 2000-லும் பராமரிப்புக்கென்றே கட்டாய இன்ஷ்யூரன்ஸை ஏற்படுத்தின. ஜப்பானில் 40 வயதுமுதல் ஒவ்வொருவரும் சந்தா கட்டுகின்றனர். பாதிச் செலவை வரிப்பணம் ஏற்கிறது. நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரும் 2020-ல் அத்தகைய திட்டத்தை விரிவாக்கியது. யாருக்குப் பக்கவாதம் வருமென்று ஒருவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஆபத்தை ஒரு வீட்டின் தலையில் சுமத்தாமல் ஊர் முழுவதும் பகிர்ந்துகொள்வதே அந்நாடுகள் கண்ட வழி.

நமது சர்க்கார்கள் செய்தது என்ன? மாநிலத்தின் முதியோர் உபகாரச் சம்பளம் 2023-ல் மாதம் ரூ.1,200 ஆக உயர்த்தப்பட்டது. ஆள் சம்பளத்துக்கு அது சில நாள் காணும். 70 வயது கடந்தோர் அனைவருக்கும் வருஷத்துக்கு ரூ.5 லட்சம் வரை ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கும் மத்திய சர்க்கார் திட்டம் 2024 அக்டோபரில் வந்தது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் தொடங்கும் நீண்ட செலவுக்கு அதில் இடமில்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி வந்து மருந்தும், இயன்முறைச் சிகிச்சையும், வலி தணிக்கும் சிகிச்சையும் அளிக்க முற்பட்டது. சரியான திசையில் வைத்த அடி. 2007-ம் வருஷத்துச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாக, ஏழை முதியோர் 150 பேர் தங்கும் இல்லங்களை 'அமைக்கலாம்' என்கிறது. 'அமைக்க வேண்டும்' என்று சொல்ல மனம் வரவில்லை. அதே சட்டம் ஜீவனாம்சத்துக்கு மாதம் ரூ.10,000 என்று உச்சவரம்பு கட்டியது. அவ்வரம்பை நீக்கவும், மருமக்களையும் பொறுப்பில் சேர்க்கவும் 2019 டிசம்பரில் லோக்சபையில் மசோதா வந்தது. நாலரை வருஷம் கிடந்து, 2024-ல் சபையோடு சேர்ந்து காலாவதியாயிற்று. முதியோருக்கு வோட்டு இருக்கிறது. ஆனால் படுக்கையிலிருப்பவர் ஊர்வலம் வர முடியாது என்பதை நம் தலைவர்கள் நன்கறிவர்.

விற்பதற்கும் வீடில்லாத ஏழைகளை நினைத்தால் நெஞ்சம் பதறுகிறது. 2010-ல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த செய்திகள், 'தலைக்கூத்தல்' என்ற பெயரில் நோயுற்ற முதியோரின் முடிவைக் குடும்பத்தாரே துரிதப்படுத்தும் கொடுமையை நாடறியச் செய்தன. அது கொலையே, அதற்கு வழக்கம் என்ற போர்வை பொருந்தாது. ஆயினும் கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத வீட்டில், படுக்கையிலிருப்பவரை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு விடை சொல்லாத சமூகம், அக்குற்றத்தில் தனக்குப் பங்கில்லை என்று கை கழுவ முடியாது.

அரசியற் பணியில் ஈடுபட்டுள்ள நமது நேயர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. கோட்டாட்சியர் தலைமையிலுள்ள தீர்ப்பாயத்துக்கு வக்கீல் இல்லாமலே மனுச் செய்யலாம். நோட்டீஸ் சேர்ந்த 90 நாளில் ஜீவனாம்ச மனு முடிக்கப்பட வேண்டும். எந்த மதத்தினருக்கும் இச்சட்டம் உண்டு. இதை ஒவ்வொரு வார்டிலும் எடுத்துச் சொல்லி, எழுதத் தெரியாத முதியோருக்கு மனு எழுதிக் கொடுங்கள். நமது மலைக்கு அப்பால் கேரளத்தைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோட்டில் சில வைத்தியர்கள் தொடங்கிய வலி தணிக்கும் பணி, தொண்டர்கள் வாரந்தோறும் வீடு வீடாகச் செல்லும் இயக்கமாக வளர்ந்து, 2008-ல் அம்மாநில சர்க்காரின் கொள்கையாகவே ஆயிற்று. அங்கே பஞ்சாயத்துகள் செய்வதை இங்கே நகரசபை செய்ய இயலாதா? படுக்கையிலுள்ளோர் எத்தனை பேர் என்று வார்டு வாரியாகக் கணக்கெடுக்கவும், பயிற்சி பெற்ற பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து வீடுகளுக்கு அனுப்பவும் தீர்மானம் கொண்டு வாருங்கள். அடுத்த தேர்தலில் வோட்டுக் கேட்டு வருவோரிடம் பராமரிப்பு இன்ஷ்யூரன்ஸ், காப்பாளர் சட்டம், வரி விலக்கு ஆகிய மூன்றைப்பற்றியும் எழுத்து மூலம் பதில் கேளுங்கள்.

அவை வரும்வரை குடும்பங்கள் தாமே முடிவு செய்ய வேண்டியிருக்கும். பெற்றோர் பேசக் கூடிய நிலையில் இருக்கும்போதே, மக்கள் அனைவரும் ஒரு நாள் உட்கார்ந்து, எங்கே இருக்க விரும்புகிறீர்கள், யார் பார்க்க வேண்டும், வீட்டை என்ன செய்யலாம் என்று அவர்களையே கேளுங்கள். முடிந்தால் ஒரு பகுதியை வாடகைக்கு விடுங்கள். அவரவர் சக்திக்கேற்ப மாதந்தோறும் பணம் அனுப்புங்கள். அதுவும் போதாதபோது, வீட்டை விற்கத் தயங்க வேண்டாம். "தாயை இல்லத்தில் போட்டு வீட்டை விற்றான்" என்று ஊரார் பேசுவர். விற்ற பணம் ஒரு காசு குறையாமல் அத்தாயின் மருந்துக்கும் சோற்றுக்கும் போகிறதென்றால், அவ்வேச்சுக்கு அஞ்ச வேண்டிய காரணம் யாதொன்றும் இல்லை.